நைரோபிக் கடைவீதியில் கண்டதும் கற்றதும்



நாம் எடைபோட்டுக் கொடுக்கும் துவரம்பருப்பில் ஒரு பங்கு ஆப்பிரிக்காவில் விளைந்தது. மொசாம்பிக், தான்சானியா, மலாவி, கென்யா நாடுகளிலிருந்து கப்பலில் வருகிறது. பத்தாம் வகுப்போடு கல்லாவில் உட்கார்ந்த எனக்கு, அந்தச் சீமையை ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று வெகுநாள் ஆசை. மகளும் மருமகனும் கென்யத் தலைநகர் நைரோபியில் இருப்பதால் சென்ற ஆண்டு அந்த ஆசை நிறைவேறியது.

போக விரும்புவோருக்கு ஒரு குறிப்பு. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் புறப்படுவதற்குக் குறைந்தது 10 நாள் முன்பே போட்டுக்கொள்ள வேண்டும். சென்னையில் கிண்டி கிங் நிலையத்தில் போடுகிறார்கள். சான்றிதழ் இல்லாவிட்டால் திரும்பி வரும்போது விமான நிலையத்தில் தனியே வைத்துவிடுவார்கள். பிளாஸ்டிக் பையும் கூடாது. 2017 ஆகஸ்ட் முதல் அங்கே கடுமையான தடை. மீறினால் பெரும் அபராதம், சிறைத் தண்டனை வரை உண்டு. நான் மஞ்சப்பையோடு போனேன்.

நைரோபி ஏறக்குறைய நம் குன்னூர் உயரத்தில் இருக்கிறது. ஆப்பிரிக்கா என்றால் வெயில் என்று நினைத்துப் போன நான் ஸ்வெட்டரோடு கடைவீதி சுற்றினேன். 1896-இல் மொம்பாசாத் துறைமுகத்தில் தொடங்கிய இருப்புப்பாதை வேலைக்கு நம் நாட்டிலிருந்து சுமார் 32 ஆயிரம் பேர் போனார்கள். ஏறக்குறைய 2,500 பேர் அங்கேயே மடிந்தார்கள். 1899-இல் பாதை வந்து சேர்ந்த சதுப்பு நிலத்தில் எழுந்த ஊர்தான் நைரோபி. பாதை போன வழியெல்லாம் குஜராத்தி வணிகர்கள் கடை வைத்தார்கள். சுவாஹிலி மொழியில் கடைக்கு 'டூக்கா' என்று பெயர். வடக்கே 'துக்கான்' என்பார்களே, அதே சொல். பழைய பஜார் தெருவுக்கு இன்று 'பியஷாரா' தெரு என்று பெயர். பியஷாரா என்றால் வணிகம். ஜவுளிக் கடைகள் வரிசையாக நிற்கும் அந்தத் தெருவில் நடந்தபோது கோவிந்தப்ப நாயக்கன் தெரு ஞாபகம் வந்தது.

மசாய் சந்தையில் பேரம் பேசாதவன் ஏமாளி. என் மனைவி கேட்ட கற்றாழை நார்க்கூடைக்கு 2,500 ஷில்லிங் சொன்னார்கள், 1,100-க்கு முடித்தேன். ஷில்லிங் அப்போது நம் காசில் சுமார் 65 பைசாவாக இருந்தது. விற்ற அம்மாள் சிரித்துக்கொண்டே கட்டிக் கொடுத்ததைப் பார்த்தால், இன்னும் குறைத்திருக்கலாம் போலும்!

என்னைக் கவர்ந்தது மருமகன் வீட்டுத் தெருமுனை டூக்காதான். கம்பி வலைக்குப் பின்னால் ஒரு பெண்மணி. அன்றன்று கூலி வாங்குவோர் வாங்கும் அளவில் சர்க்கரை, எண்ணெய், மாவு எல்லாம் சிறு சிறு பொட்டலம். பக்கத்தில் ஒரு பால் இயந்திரம்; பாத்திரத்தை வைத்து, கையில் உள்ள காசுக்குப் பால் பிடித்துக்கொள்ளலாம். 2007-இல் வந்த 'எம்-பெசா' மூலம் பணம் கைப்பேசியில் வந்து விழுகிறது. சுவரில் ஓர் அட்டை. மருமகன் படித்துச் சொன்னார்: "இன்று கடன் இல்லை, நாளை வாருங்கள்." நம் ஊர் 'இன்று ரொக்கம், நாளை கடன்' அட்டையேதான்!

அதே நகரில் நாக்குமட் என்ற பேரங்காடி இருந்தது. நக்கூரு என்னும் ஊரில் மெத்தைக் கடையாகத் தொடங்கியதால் வந்த பெயர். கென்யா, உகாண்டா, தான்சானியா, ருவாண்டா என்று 60 கிளைகள் வரை பரவியது. 2018-இல் நீதிமன்றம் நியமித்த நிர்வாகியிடம் போனது. 2020-இல் கடன் கொடுத்தவர்களே கூடி, கலைத்துவிடலாம் என்று வாக்களித்தார்கள். சரக்குப் போட்ட வியாபாரிகள் பலருக்குப் பணம் திரும்பவில்லை. அங்கே ஒரு அரிசி வியாபாரி என்னிடம் சொன்னார்: "பெரிய கடையில் நம் சரக்கு இருப்பது கௌரவம் என்று நினைத்தேன்."

எனக்குச் சுருக்கென்றது. நம் பிள்ளைப்பாக்கத்தில் சிப்காட் வந்து, ஆலைத் தொழிலாளர்கள் பெருகியபோது, சாலையோரம் ஒரு பெரிய சுயசேவைக் கடை திறந்தார்கள். நானும் அதே கௌரவத்துக்குத்தான் சரக்குப் போட்டேன். 30 நாள் தவணை 60 ஆகி, 90 ஆகி, ஒருநாள் ஷட்டர் இறங்கியது. 4 லட்சத்து 60 ஆயிரம் பாக்கியில் எனக்கு வந்து சேர்ந்தது 90 ஆயிரம். ஐம்பது ரூபாய்க் கடன் கேட்ட கூலித் தொழிலாளிக்கு அட்டையைக் காட்டிய நான், லட்சக்கணக்கில் கேட்டவருக்கு நாற்காலி போட்டுக் கொடுத்தேன். அந்தத் தொழிலாளி சம்பள நாளில் தவறாமல் வருகிறார். நாற்காலியில் உட்கார்ந்தவரைக் காணோம்.

சட்டம் காப்பாற்றும் என்றும் இருக்க முடியாது. சிறுதொழில் நடத்துவோருக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. 2021 ஜூலையில் மொத்த, சில்லறை வணிகரும் அதில் பதியலாம் என்று உத்தரவு வந்தபோது, வங்கிக் கடன் முன்னுரிமைக்கு மட்டுமே என்று வரம்பு கட்டிவிட்டார்கள். இந்த 45 நாள் பாதுகாப்பை நமக்கும் கேட்டுச் சங்கம் குரல் கொடுக்க வேண்டும்.

அதுவரை நம் கையில் உள்ளதைச் செய்வோம். எவ்வளவு பெரிய கடையானாலும் ஒரு பில் பணம் வந்த பிறகே அடுத்த லோடு. ஒரே இடத்தில் நம் முதலில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் முடங்க விடக்கூடாது. யார் எங்கே தவணை தவறினாலும் மாதக் கூட்டத்தில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள வேண்டும். வெட்கப்பட்டு மறைத்தால் அடுத்தவர் விழுவார். என் பாக்கியை நான் அப்படித்தான் மறைத்தேன். எனக்குப் பிறகு அதே கடைக்கு நம் சங்க உறுப்பினர்கள் இருவர் சரக்குப் போட்டார்கள். இதை எழுதியதே அந்தக் குற்ற உணர்வினால்தான்.

நைரோபியிலிருந்து வாங்கி வந்த கூடை வீட்டில் இருக்கிறது. அந்த அட்டையின் வாசகத்தை மட்டும் தமிழில் எழுதி, என் கிடங்கில், மொத்தக் கொள்முதல்காரர் உட்காரும் நாற்காலிக்கு எதிரே மாட்டியிருக்கிறேன்.