கத்தரிக்கோலும் நெருப்பும்



ஓர் அடக்கத் திருப்பலியில் யோவான் நற்செய்தி 15-ஆம் அதிகாரத்தை வைத்து மறையுரை ஆற்றினேன். கனி தரும் கிளையைத்தான் ஆண்டவர் கழித்துவிடுகிறார் என்று ஆறுதலாகச் சொன்னேன். சில வாரங்கள் கழித்து, மகனைப் பறிகொடுத்த அந்தத் தாய் பங்கு இல்லத்திற்கு வந்தார். "சாமி, என் பிள்ளைய வெட்டினாத்தான் நான் பூப்பேனா?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

பங்கு இல்லச் சுவரில் ஒரு கொடி ரோஜா படர்ந்திருக்கிறது. அதைப் பராமரிக்கும்போதுதான் என் மறையுரையில் இருந்த பிழை புரிந்தது.

கொடி ரோஜாவை நட்ட முதல் இரண்டு ஆண்டுகள் கவாத்து செய்யக்கூடாது. காய்ந்ததை மட்டும் எடுத்துவிட்டு, வளர விட வேண்டும். செடி ரோஜாவைப் போல் குட்டையாக வெட்டினால் பூக்கும் தண்டையே இழந்துவிடுவோம். அதற்குக் கத்தரிக்கோலைவிட முதலில் தேவை கயிறு. தண்டு நேராக மேலே போனால், நுனி மொட்டு கீழுள்ள மொட்டுகளை அடக்கி வைக்கும். உச்சியில் மட்டுமே பூக்கும். தண்டைப் பக்கவாட்டில் மெல்ல வளைத்துத் தளர்வாகக் கட்டினால், அதன் நெடுகிலும் பக்கக் கிளைகள் தோன்றிப் பூக்கும்.

பிறகுதான் கவாத்து. அடிக்கடி பூக்கும் வகைகளில், செடி ஓய்வாக இருக்கும் காலத்தில் பக்கக் கிளைகளை 2 அல்லது 3 மொட்டு விட்டு நறுக்க வேண்டும். மிக முதிர்ந்த தண்டு ஒன்றை அடியோடு எடுத்தால் இளந்தண்டுக்கு இடம் கிடைக்கும். ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் பூக்கும் வகைகளைப் பூத்து முடிந்த பிறகே வெட்ட வேண்டும். கத்தரி கூர்மையாகவும் சுத்தமாகவும் இருக்க வேண்டும்; வெளிநோக்கிய மொட்டுக்குச் சற்று மேலே சாய்வாக வெட்ட வேண்டும். ஒட்டுக்குக் கீழிருந்து வரும் போத்துகளை நீக்கிவிட வேண்டும்.

ஆக, கவாத்து என்பது காலமும் அளவும் அறிந்து, உயிர்மொட்டைக் காத்துச் செய்யும் வேலை. இயேசு கூறிய 'கழித்துவிடுதல்' என்பதற்குக் கிரேக்க மூலத்தில் உள்ள சொல்லுக்குத் தூய்மைப்படுத்துதல் என்றே பொருள்.

ஜெர்மனியில் ஹில்டஸ்ஹைம் மறைமாவட்டப் பேராலயத்தின் வெளிச்சுவரில் 'ஆயிரம் ஆண்டு ரோஜா' என்னும் காட்டு ரோஜாக் கொடி சுமார் 10 மீட்டர் உயரம் படர்ந்துள்ளது. 1945 மார்ச் 22 அன்று நடந்த குண்டுவீச்சில் பேராலயம் இடிந்தது. கொடி எரிந்து இடிபாடுகளுக்குள் புதைந்தது. ஆனால் வேர் சாகவில்லை. சில வாரங்களில் புதுத்தளிர்கள் எழுந்தன. கொடி மீண்டும் பூத்தது.

அந்தக் குண்டுகளைத் தோட்டக்காரரின் கத்தரி என்று யாராவது சொல்வோமா? எரித்தது போர், தளிர்க்கச் செய்தது வேருக்குள் இருந்த உயிர். இரண்டையும் ஒரே கையின் வேலை என்று நான் சொன்னதுதான் பிழை. சீலோவாம் கோபுரம் விழுந்து 18 பேர் இறந்தபோது, அவர்கள் பெரும் பாவிகள் என்ற விளக்கத்தை ஆண்டவரே ஏற்கவில்லை என்று லூக்கா நற்செய்தி சொல்கிறதே!

கடவுள் கழிப்பது நம் செருக்கை, பகையை, பிறரை வளரவிடாத சுயநலத்தை. ஒரு தாயின் பிள்ளையை அல்ல. நெருப்பு பட்ட இடத்தில் அவர் கத்தரியோடு வருவதில்லை. வேரில் உயிராய்த் தங்குகிறார்.

அந்தத் தாயின் வீட்டிற்குச் சென்று, "அம்மா, நான் அன்று சொன்னது தவறு" என்றேன். அவர் அழுதார். நானும் நெடுநேரம் பேசாமல் உடன் அமர்ந்திருந்தேன்.

துக்க வீட்டிற்குப் போகும்போது நாமும் விளக்கம் சொல்ல அவசரப்பட வேண்டாம். உடனிருப்போம். தளிர் வரும் நாளை ஆண்டவர் அறிவார்.