கார் சாவிக்குள் ஒரு சிப்: குறைந்த செலவில் மாற்றுச் சாவி

கம்ப்யூட்டர் என்றால் மேஜை மேல் இருப்பது மட்டுமல்ல. உங்கள் சட்டைப் பையில் இருக்கும் கார் சாவிக்குள்ளும் ஒரு சிறிய சிப் இருக்கலாம். சாவி தொலைந்தால் ஷோரூமில் ஆயிரக்கணக்கில் கேட்பதற்கு முக்கியக் காரணம் இந்த சிப்தான். இது இயங்கும் விதம் தெரிந்தால், எதற்குப் பணம் தரலாம், எதற்குத் தர வேண்டாம் என்பதை நீங்களே முடிவு செய்யலாம்.

நான் வசிக்கும் செம்பரம்பாக்கத்தில் பழைய கார் வாங்கியவர்கள் பலர் உள்ளனர். கம்ப்யூட்டரில் சந்தேகம் கேட்க வருபவர்கள் இதையும் கேட்பார்கள். பழைய காருடன் ஒரே ஒரு சாவிதான் கிடைத்தது என்பார்கள். பக்கத்து வீட்டு நண்பர் ஒருவருக்கு ரிமோட் வேலை செய்யவில்லை. ஒரு பணிமனையில் முழுச் சாவியையும் மாற்றச் சொல்லிவிட்டார்கள். சாவியைப் பிரித்துப் பார்த்தேன். உள்ளே இருந்த பட்டன் பேட்டரி தீர்ந்திருந்தது. அதே எண் கொண்ட பேட்டரியை வாங்கிப் போட்டதும் சரியாகிவிட்டது.

சாவியில் மூன்று பாகங்கள்

1. உலோகத் தகடு: கதவையும் இக்னிஷனையும் திருப்புவது இது.

2. ரிமோட்: பட்டனை அழுத்தினால் கதவைத் திறப்பது. இதற்கு மட்டுமே பேட்டரி தேவை.

3. டிரான்ஸ்பாண்டர் சிப்: என்ஜினை ஓட அனுமதிப்பது. சாவியின் பிளாஸ்டிக் தலைக்குள் இருக்கும். இதற்குப் பேட்டரி கிடையாது.

எது கெட்டதோ அதை மட்டும் மாற்றினால் போதும். பிளாஸ்டிக் உடைந்திருந்தால் வெளி உறை தனியாகவே கிடைக்கிறது. பழைய சிப்பையும் ரிமோட் போர்டையும் அதில் மாற்றிக் கொள்ளலாம். அம்பாசடர், பழைய மாருதி 800 போன்ற கார்களுக்கு வெறும் உலோகச் சாவிதான். சாதாரண சாவிக் கடையிலேயே செய்து விடலாம்.

சிப் எப்படி வேலை செய்கிறது?

இக்னிஷன் துவாரத்தைச் சுற்றி ஒரு கம்பிச் சுருள் உண்டு. சாவியைத் திருப்பியதும் அது ரேடியோ அலையை அனுப்பும். பெரும்பாலும் 125 கிலோஹெர்ட்ஸ் அளவில் இருக்கும் இந்த அலையிலிருந்தே சிப் தனக்கான மின்சாரத்தையும் எடுத்துக் கொள்கிறது. கார் கம்ப்யூட்டர் ஒரு எண்ணை அனுப்பும். சிப் தன்னிடம் உள்ள ரகசிய எண்ணைக் கொண்டு கணக்குப் போட்டு விடை அனுப்பும். விடை சரி என்றால்தான் என்ஜின் ஓடும். தவறு என்றால் ஸ்டார்ட் ஆகாது, அல்லது ஓரிரு வினாடிகளில் நின்றுவிடும். இந்த அமைப்பின் பெயர் இம்மொபிலைசர். மாருதி கார்களில் இதனை ஐகேட்ஸ் என்பார்கள்.

ரகசிய எண் சிறியது என்றால், சிறிய பாஸ்வேர்டைப் போல, உடைப்பது எளிது. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் நிறுவனத்தின் 40 பிட் சிப்பை 2005ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உடைத்துக் காட்டினர். அதன் பின் வந்த சிப்களில் பலவற்றுக்கு ரகசிய எண் நீளமானது.

வெளியில் செய்வது எப்படி?

ஸ்டியரிங்குக்குக் கீழே 16 பின் கொண்ட ஓபிடி சாக்கெட் இருக்கும். சாவி செய்பவர் தன் கருவியை அதில் இணைத்து, காரின் பின் நம்பரைக் கொடுத்து, புதிய சிப்பைப் பதிவு செய்வார். விண்டோஸில் புதிய யூசர் அக்கவுண்ட் சேர்ப்பது போன்றதுதான் இது. சில பழைய சிப்களை அப்படியே நகல் எடுக்கவும் முடியும். கருவியுடன் வீட்டுக்கே வந்து செய்து தருபவர்களும் உண்டு. சென்னை ஜி.பி. சாலை உதிரிபாகக் கடைகளில் விசாரித்துப் பாருங்கள்.

கவனிக்க வேண்டியவை

* தகடு வெட்ட, சிப், ரிமோட், பதிவு செய்ய என ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக விலை கேளுங்கள். ஷோரூம் விலையையும் இப்படியே பிரித்துக் கேட்டு ஒப்பிடுங்கள்.

* ஆர்.சி. புத்தகத்தையும் அடையாள அட்டையையும் கேட்காமல் சாவி செய்பவரிடம் போக வேண்டாம். உங்களிடம் கேட்காதவர் திருடனிடமும் கேட்க மாட்டார்.

* கையில் உள்ள எல்லாச் சாவிகளையும் கொண்டு செல்லுங்கள். சில கார்களில் புதிதாகப் பதியும்போது பழைய பதிவுகள் அழிந்துவிடும்.

* பணம் தரும் முன் ஒவ்வொரு சாவியாலும் என்ஜினை ஸ்டார்ட் செய்து, சிறிது நேரம் ஓடவிட்டுப் பாருங்கள்.

* சாவி தொலைந்திருந்தால் அதன் பதிவை அழிக்கச் சொல்லுங்கள். பிறகு அந்தச் சாவியால் கதவு திறந்தாலும் என்ஜின் ஓடாது.

* காவல் நிலையத்தில் புகார் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள். கார் திருடு போனால் இன்சூரன்ஸ் நிறுவனம் எல்லாச் சாவிகளையும் கேட்கும். சில பாலிசிகளில் சாவிக்கென்றே தனிக் காப்பீடும் உண்டு.

* கார் வாரண்டியில் இருந்தாலோ, பட்டன் ஸ்டார்ட் கொண்ட ஸ்மார்ட் சாவி என்றாலோ ஷோரூமே நல்லது.

எல்லாச் சாவிகளும் தொலைந்த பின் செய்வதுதான் அதிகச் செலவு. நகல் எடுக்க மாதிரி இருக்காது. பூட்டிலிருந்தே தகட்டின் வடிவத்தைக் கண்டறிய வேண்டும். சில சமயம் காரை இழுத்துச் செல்லவும் நேரிடும். ஹார்ட் டிஸ்க் கெட்ட பிறகு யாரும் பேக்கப் எடுக்க முடியாது. உங்களிடம் இப்போது ஒரே சாவிதான் உள்ளது என்றால், இந்த வாரமே இரண்டாவது சாவியைச் செய்து வீட்டில் வைத்து விடுங்கள்.