எச்.ஐ.வி. கூட்டுமருந்துச் சிகிச்சையில் மருந்து தவறாமை: மருத்துவர் வினாவின் பங்கு

ஆய்வுச் சுருக்கம்

எச்.ஐ.வி. தொற்றைக் கட்டுக்குள் வைப்பது நாள்தோறும் தவறாமல் உட்கொள்ளும் கூட்டுமருந்தே ஆகும். மருந்து தவறுவதை ஒழுக்கக்குறையாகக் கருதும் மருத்துவரிடம் நோயாளி உண்மையை மறைக்கிறார். மறைக்கப்பட்ட தவறுதலுக்குத் தீர்வு காண இயலாது. எனவே, மருத்துவர் வினவும் முறையும் சிகிச்சையின் ஒரு பகுதியே என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: எச்.ஐ.வி., கூட்டுமருந்து, மருந்து எதிர்ப்பு, வைரஸ் அளவு, ஆற்றுப்படுத்துதல்.

முன்னுரை

இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று 1986ஆம் ஆண்டு சென்னையில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. மருத்துவர் சுனிதி சாலமன் வழிகாட்டுதலில் அவர்தம் மாணவி நிர்மலா மேற்கொண்ட ஆய்வே அதற்கு அடிப்படையாயிற்று. 2004 ஏப்ரல் 1 அன்று நடுவணரசின் இலவசக் கூட்டுமருந்துத் திட்டம் தொடங்கியபோது, முதலில் தேர்ந்தெடுக்கப்பட்ட அரசு மருத்துவமனைகளுள் தாம்பரம் நெஞ்சக நோய் மருத்துவமனையும் ஒன்று. மருந்து கையில் கிடைத்த பின்னர், அதனை வாழ்நாள் முழுதும் உட்கொள்வது எவ்வாறு என்னும் வினா முன்னுக்கு வந்தது.

திருக்குறளின் மருந்து அதிகாரம், நோயுற்றவர், தீர்ப்பவர், மருந்து, உடனிருந்து உதவுபவர் ஆகிய நான்கையும் சேர்த்தே மருத்துவம் என வகுக்கிறது. மருந்து தவறும்போது இந்நான்கனுள் நோயுற்றவரை மட்டும் பொறுப்பாக்குதல் பொருந்தாது.

மருந்து தவறுவதன் விளைவு

தற்போது பெருமளவில் வழங்கப்படும் மாத்திரையில் டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெகிராவிர் ஆகிய மூன்று மருந்துகள் உள்ளன. நாளொன்றுக்கு ஒரு மாத்திரை போதும். குருதியில் மருந்தின் அளவு குறையும்போது வைரஸ் மீண்டும் பெருகத் தொடங்குகிறது. அவ்வாறு பெருகுகையில் அதன் மரபுக்கூற்றில் பிழைகள் நேர்கின்றன. எஞ்சியிருக்கும் சிறிதளவு மருந்தைத் தாங்கவல்ல வகைகள் நிலைபெறுகின்றன. லாமிவுடினை எதிர்க்க ஒரேயொரு மாற்றமே போதுமானது. டோலுடெகிராவிரை எதிர்ப்பது வைரஸுக்கு அரிது. ஆயினும் நீண்ட இடைவெளிகள் அம்மருந்தையும் காலப்போக்கில் பயனற்றதாக்கலாம்.

முன்னாள் மருந்துகளைக் கொண்டு வகுக்கப்பட்ட அளவுகோல், 95 விழுக்காட்டுக்குக் குறையாமல் மருந்து உட்கொள்ள வேண்டும் என்பதாகும். நாளுக்கு ஒரு மாத்திரை எனில், 30 நாளில் இரண்டு தவறினாலே அளவு 93 விழுக்காடாகிவிடும். இக்கணக்கை அச்சுறுத்தலாகக் கூறினால், ஒருநாள் தவறியவர் ‘எல்லாம் கெட்டுவிட்டது’ என்றெண்ணி மருந்தை முற்றிலும் கைவிடக்கூடும். ஒரு வேளை தவறினால் நினைவு வந்தவுடன் உட்கொள்ளலாம் என்பதையும், இரண்டு வேளை மருந்தை ஒருசேர உட்கொள்ளக் கூடாது என்பதையும் மருத்துவர் முன்கூட்டியே விளக்குதல் வேண்டும்.

வினாவும் விடையும்

‘மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறீர்களா?’ என்னும் வினாவிற்கு ‘போடுகிறேன்’ என்பதே பெரும்பாலும் விடையாக அமையும். ‘ஒழுங்கு’ என்னும் சொல்லிலேயே தீர்ப்பு அடங்கியுள்ளது. கடிந்துரைக்கு அஞ்சுபவர் வேறு விடை கூற இயலாது. எஞ்சிய மாத்திரைகளை எண்ணிப் பார்ப்பதும் முழுச் சான்றாகாது. ஏனெனில், மையத்திற்கு வருமுன் அவற்றைக் கொட்டிவிடவும் கூடும்.

இதற்கு மாறாக, ‘தினமும் மாத்திரை போடுவது யாருக்கும் எளிதன்று. சென்ற வாரத்தில் எத்தனை நாள் விட்டுப்போயிற்று? அன்றைக்கு என்ன நடந்தது?’ என்னும் வினா, தவறுதல் இயல்பு என்பதை முதலில் ஏற்றுக்கொள்கிறது. முதல் பகுதி அச்சத்தைக் குறைக்கிறது. இரண்டாம் பகுதி எண்ணிக்கையைத் தருகிறது. மூன்றாம் பகுதி காரணத்தைத் தருகிறது. தீர்வுக்கு இன்றியமையாதது காரணமே.

வைரஸ் அளவுப் பரிசோதனையையும் இவ்வாறே பயன்படுத்துதல் வேண்டும். டோலுடெகிராவிர் உட்கொள்பவரிடம் அளவு உயர்ந்திருப்பின், மருந்தை மாற்றுமுன் ஆற்றுப்படுத்துதலைத் தீவிரப்படுத்தி, ஏறத்தாழ மூன்று மாதத்திற்குப் பின் மீண்டும் பரிசோதிப்பது பொதுவான நெறி. உயர்ந்த அளவு உரையாடலின் தொடக்கம், குற்றச்சாட்டு அன்று.

காரணத்திற்கேற்ற தீர்வு

தவறுதலுக்குக் காரணம் மறதி மட்டுமன்று. கூட்டுக் குடும்பத்தில் மாத்திரைப் புட்டியைக் காட்ட இயலாத மருமகள், பல நாள் வண்டியிலேயே கழிக்கும் சரக்குந்து ஓட்டுநர், ‘உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது’ என நிறுத்திவிடுபவர் ஆகியோர்க்கு ஒரே அறிவுரை பொருந்தாது. முதலாமவருக்கு வீட்டில் எவரேனும் ஒருவரிடம் உண்மையைப் பகிர இயலுமா என ஆராய வேண்டும். இரண்டாமவருக்குப் பல மாத மருந்தை ஒருசேர வழங்கலாம். மூன்றாமவருக்கு அந்நலமே மருந்தின் விளைவு என்பதை அவருடைய பரிசோதனை முடிவுகளைக் கொண்டே காட்டலாம். மனச்சோர்வு, மதுப்பழக்கம் ஆகியவற்றுக்குத் தனிச் சிகிச்சை தேவை.

நாள் தவறாமல் உட்கொண்டும் மருந்து பயன்படாது போவதுண்டு. வயிற்றெரிச்சலுக்கான அமிலமுறி மருந்துகள் டோலுடெகிராவிர் உடலில் சேர்வதைத் தடுக்கும்; எனவே அவற்றுக்கு 2 மணிநேரம் முன்னரோ 6 மணிநேரம் பின்னரோ அதனை உட்கொள்ள வேண்டும். இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கும் இவ்விடைவெளி பொருந்தும். உணவுடன் எனில் அவற்றைச் சேர்த்தே உட்கொள்ளலாம். காசநோய்க்கு ரிஃபாம்பிசின் உட்கொள்பவருக்கு 50 மில்லிகிராம் டோலுடெகிராவிர் கூடுதலாக ஒரு வேளை தேவை. ஆகவே, ‘வேறு என்னென்ன மாத்திரை போடுகிறீர்கள்?’ என வினவாமல் நோயாளியைக் குறைகூறல் ஆகாது.

நம்பிக்கையின் அடிப்படை

உண்மையைக் கூறினால் அது அறைக்கு வெளியே செல்லாது என்னும் உறுதி நோயாளிக்கு வேண்டும். 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையிலுள்ள 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம், தொற்றுநிலை பற்றிய செய்தியைக் காப்பதைக் கடமையாக்குகிறது. பாகுபாட்டையும் தடை செய்கிறது.

அச்சத்தினும் நம்பிக்கையே மருந்தைத் தொடரச் செய்யும். மருந்தைத் தொடர்ந்து உட்கொண்டு, வைரஸ் கண்டறிய இயலாத அளவில் நிலைத்திருப்பவரிடமிருந்து பாலுறவு வழித் தொற்று பரவுவதில்லை. இச்செய்தியைத் தெளிவாகக் கூறும் மருத்துவர், நாள்தோறும் உட்கொள்ளும் மாத்திரையைத் துணைவரைக் காக்கும் செயலாகவும் மாற்றிவிடுகிறார்.

முடிவுரை

மருந்து தவறாமை என்பது நோயாளியின் கீழ்ப்படிதல் அன்று. இருவரும் சேர்ந்து பேணும் நடைமுறை. தவறுதலைத் தயங்காமல் கூறக்கூடிய சூழல் அமைந்தால் காரணம் புலப்படும். காரணம் புலப்பட்டால் தீர்வு கிட்டும். ‘நேற்று போடவில்லை, ஐயா’ என நோயாளி அஞ்சாமல் கூறும் நாளில் மருத்துவர் செய்ய வேண்டிய முதற்செயல், அவ்வாறு கூறியமைக்கு நன்றி சொல்வதாகும்.