நேர்முகத் தேர்வுக்குப் போகும் பெண்ணுக்கு நாம் விற்கும் கோட்டு

சூரத்துக்குப் போன் போட்டு, "லேடீஸ் சூட் இரண்டு பேல் அனுப்புங்கள்" என்று சொன்னால் வந்து இறங்குவது சுடிதார் துணி. வடக்கே அதற்குத்தான் அந்தப் பெயர். நானும் ஒரு தடவை அப்படி ஆர்டர் சொல்லி, பார்சலைப் பிரித்துப் பார்த்து விழித்திருக்கிறேன். அனுப்பியவர் மேல் குற்றமில்லை. 'லேடீஸ் பிளேசர்', 'ஃபார்மல் பேண்ட்' என்று பிரித்துச் சொல்ல எனக்கு அன்று தெரியவில்லை, அவ்வளவுதான்.

பத்தாம் வகுப்பு முடித்து 1979-இல் மதுரையில் அப்பாவின் ஜவுளி மொத்தக் கடையில் உட்கார்ந்தேன். அன்று முதல் சூட்டிங், ஷர்ட்டிங்தான் நமக்குச் சோறு போடுகிறது. கோட்டுத் துணி என்றால் மாப்பிள்ளைக்கு, வக்கீலுக்கு. இரண்டையும் விட்டால் மூன்றாவது ஆள் கிடையாது. இன்று கடைக்கு வந்து கோட்டுக் கேட்பவர்களில் பெண் பிள்ளைகள் நிறைய. இன்ஜினியரிங் கடைசி வருடம், எம்.பி.ஏ., ஓட்டல் நிர்வாகப் படிப்பு என்று வருகிறார்கள். கல்லூரியில் ஒரு சீட்டுக் கொடுத்து 'ஃபார்மல்ஸ்' என்று எழுதி அனுப்பிவிடுகிறார்கள். அந்தச் சீட்டோடு தாயும் மகளும் நம் சில்லறைக் கடைப் படியேறி நிற்கும்போது, நம் கடைப்பையனுக்கும் தெரியாது, வந்தவர்களுக்கும் தெரியாது. கையில் கிடைத்ததை எடுத்துப் போட்டு, "இதுதான் இப்ப ஓடுதுக்கா" என்று கட்டிக் கொடுத்துவிடுகிறோம்.

அப்படி நடந்த ஒன்றைத்தான் எழுத வந்தேன். அதில் தவறு என்னுடையது.

2023-ஆம் வருடம் பிளேசர் வியாபாரத்திலும் கால் வைக்கலாம் என்று, வடக்கே ஓர் உற்பத்தியாளரிடம் மீந்துபோன ஒரு லாட்டை மொத்தமாக எடுத்தேன். விலை மலிவு. மேலே பார்க்கத் துணி நன்றாகவே இருந்தது. தொட்டுப் பார்த்து, தையலைப் பார்த்து, பட்டனை இழுத்துப் பார்த்தேன். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கவில்லை. எனக்கு வாடிக்கையான நாலைந்து சில்லறைக் கடைகளுக்குப் பிரித்துக் கொடுத்தேன்.

என் கடைக் கணக்குப்பிள்ளையின் மகள் அந்த வருடம் இன்ஜினியரிங் கடைசி ஆண்டு. ஆவணியில் கல்லூரிக்குக் கம்பெனி வருகிறது என்று அவர் சொன்னார். நானே ஒரு கடையைச் சொல்லி அனுப்பினேன். அங்கே என் லாட்டிலிருந்தே ஒரு கோட்டை எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். புதுத் துணியை நனைக்காமல் உடுத்தக் கூடாது என்பது அந்த அம்மாள் வீட்டுப் பழக்கம். வாளியில் சோப்புத் தண்ணீரில் முக்கி, கசக்கி, வெயிலில் போட்டுவிட்டார்கள். காய்ந்து எடுத்துப் பார்த்தால், முன்பக்கம் முழுவதும் அம்மை போட்டது போலக் கொப்பளம் கொப்பளமாக எழும்பி நிற்கிறது. இஸ்திரி போட்டும் அடங்கவில்லை. தேர்வுக்கு மூன்று நாள் இருக்கிறது. கடைக்குத் திருப்பிக் கொண்டுபோனதற்கு, "துவைச்ச துணியை எப்படிம்மா எடுத்துக்குவோம்" என்று சொல்லிவிட்டார்கள். வியாபார வழக்கப்படி அவர்கள் சொன்னது சரி.

மறுநாள் காலை கணக்குப்பிள்ளை அந்தக் கோட்டை ஒரு மஞ்சள் பையில் வைத்துக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தார். "அண்ணாச்சி, இது நம்ம சரக்குதானே" என்று மட்டும் கேட்டார். நாற்பது வருடத்துக்கு மேல் வியாபாரம் செய்தவனுக்கு அன்று பதில் சொல்ல வாய் வரவில்லை.

அந்தக் கொப்பளத்தின் காரணத்தை நம் சில்லறை வியாபாரிகள் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். கோட்டின் முன்பக்கம் விறைப்பாக நிற்பதற்கு மேல்துணிக்கும் லைனிங்குக்கும் நடுவில் ஒரு கேன்வாஸ் இருக்கும். பழைய முறையில் அதைக் கையால் தைத்துச் சேர்ப்பார்கள். இப்போது பெரும்பாலும் பசை பூசிய துணியை வைத்து, சூட்டில் அழுத்தி ஒட்டிவிடுகிறார்கள். ஃபியூசிங் என்பது இதுதான். ஒட்டுவதில் தவறில்லை, நல்ல பசையும் சரியான சூடும் அழுத்தமும் இருந்தால் பல வருடம் உழைக்கும். மட்டமான வேலை என்றால் தண்ணீர் பட்டதும் பசை அங்கங்கே விட்டுப் போகும். விட்ட இடம் கொப்பளமாக எழும்பும். பிறகு எந்தத் தையல்காரராலும் அதைச் சரி செய்ய முடியாது.

ஆகவே கொள்முதலின்போது ஒரு சிறிய நஷ்டத்துக்குத் தயாராக இருங்கள். லாட்டுக்கு முன்னால் ஒரே ஓர் உருப்படியை விலை கொடுத்து வாங்கி, வீட்டு வாளியில் முக்கி எடுத்துக் காயப் போட்டுப் பாருங்கள். ஓர் உருப்படி வீணாகும். நான் அதைச் செய்திருந்தால் முழு லாட்டும் வீணாகியிருக்காது. விற்கும்போது, "தண்ணீரில் போடாதீர்கள், டிரை கிளீனிங் மட்டும்" என்று வாயால் சொல்லுங்கள். உள்ளே ஆங்கிலத்தில் தைத்திருக்கும் துண்டுச் சீட்டை எந்தத் தாய் படிக்கப் போகிறார்? பில்லின் பின்புறம் தமிழில் ஒரு ரப்பர் முத்திரை குத்திக் கொடுத்தால் போதும். கோட்டையும் பேண்ட்டையும் ஒன்றாகவே டிரை கிளீனிங்குக்குக் கொடுக்கச் சொல்ல வேண்டும். ஒன்றை மட்டும் கொடுத்துக்கொண்டிருந்தால் ஒரு வருடத்தில் இரண்டும் இரண்டு நிறமாக நிற்கும்.

சரி, கணக்குப்பிள்ளை மகள் கதைக்கு வருகிறேன். மதுரையில் பெண்களுக்குக் கோட்டுத் தைக்கத் தெரிந்தவர் யார் என்று அன்றைக்கு யோசித்தேன். ரவிக்கை தைப்பவர் ஆயிரம் பேர் உண்டு. ஆண்களுக்குக் கோட்டுத் தைப்பவர்கள் பெண்ணுக்கும் அதையே சின்னதாகத் தைத்துக் கொடுப்பார்கள். தோள் தொங்கும், இடுப்பில் பிடிக்கும். அப்போதுதான் நினைவு வந்தது. 2004-இல் மதுரையில் உயர்நீதிமன்றக் கிளை வந்தபிறகு பெண் வக்கீல்கள் எத்தனை பேர் இங்கே! அவர்களுக்குக் கறுப்புக் கோட்டுத் தைப்பவர் இல்லாமலா இருப்பார்? விசாரித்துக் கொண்டு ஒரு பாயிடம் போனோம். வயதில் எனக்கு மூத்தவர். அளவு எடுப்பது அவருடைய மனைவி. "பொம்பளப் புள்ளைக்கு நான் டேப்பு வைக்கிறதில்ல அண்ணாச்சி, அதுங்க கூச்சத்துல நெளிஞ்சா அளவும் நெளிஞ்சிரும்" என்றார். பெரிய கடைகளில் கூட இதை யோசிக்கிறவர்கள் குறைவு.

அந்தக் கொப்பளக் கோட்டைப் பார்த்ததும் பாய் இன்னொன்றையும் காட்டினார். ஆண்கள் கோட்டில் பட்டன் போட்டால் இடப்பக்கம் மேலே வரும். பெண்கள் கோட்டில் வலப்பக்கம் மேலே வரவேண்டும். என் லாட்டில் இருந்தது பாதிக்குமேல் பையன்களுக்கான சின்ன அளவுக் கோட்டுகள். பெண்களுக்கு என்று சீட்டை மட்டும் மாற்றி ஒட்டியிருக்கிறார்கள். இத்தனை வருடத் துணி வியாபாரி, காஜா எந்தப் பக்கம் என்று பார்க்காமல் பணம் கட்டியிருக்கிறேன்.

மூன்று நாளில் முடியாது, ஒரு வாரம் வேண்டும் என்று பாய் கையை விரித்துவிட்டார். அவசரத்தில் தைத்தால் ஒரு தடவைகூடப் போட்டுப் பார்த்துத் திருத்த முடியாது என்றார். அந்தப் பெண் என்னைப் பார்த்து, "பெரியப்பா, விடுங்க, அம்மாவோட காட்டன் புடவை இருக்கு" என்றாள். கஞ்சி போட்டு மடிப்பு வைத்த சாம்பல் நிறப் பருத்திப் புடவையில்தான் முதல் கம்பெனிக்குப் போனாள். அதில் கடைசிச் சுற்று வரை போய்த் திரும்பினாள். புடவையால் போயிற்று என்றோ கோட்டு இருந்தால் கிடைத்திருக்கும் என்றோ நான் சொல்லமாட்டேன். கணக்கு ஒன்றில் தடுமாறினேன் என்று அவளே சொன்னாள்.

இந்த இடத்தில் வியாபாரிகளுக்கு ஒரு வார்த்தை. வந்த பெண்ணிடம் எந்த வேலைக்கு என்று முதலில் கேளுங்கள். வங்கி, அரசுப் பணி, ஆசிரியர் வேலை என்றால் நல்ல பருத்திப் புடவையோ, துப்பட்டாவோடு அடக்கமான நிறத்தில் சுடிதாரோ தாராளமாகப் போதும். அங்கே கோட்டைத் தலையில் கட்டாதீர்கள். ஓட்டல், விமானப் பணி, எம்.பி.ஏ. சேர்க்கை, சில பெரிய கம்பெனிகள் என்றால்தான் கோட்டும் பேண்ட்டும் எதிர்பார்ப்பார்கள். இல்லாத தேவையை உண்டாக்கி விற்றால் இன்றைக்கு ஒரு பில் போடலாம். அடுத்த தீபாவளிக்கு அந்தக் குடும்பம் எதிர்க்கடையில் நிற்கும்.

பாயிடம் ஒரு கோட்டும் இரண்டு பேண்ட்டும் தைக்கக் கொடுத்தோம். பேண்ட்தான் முதலில் நைந்து போகும். ஒரே தானிலிருந்து இரண்டு பேண்ட்டுக்கு வெட்டிவிட்டால் கோட்டு அநாதையாகாது. துணி பில்வாரா ரகம், பாலியஸ்டர் 65, விஸ்கோஸ் 35. பெண்ணுக்குக் கோட்டும் ஒரு பேண்ட்டும் என்றால் 58 அங்குலப் பன்னாவில் சுமார் 3 மீட்டர் பிடிக்கும்; உயரத்தைப் பொறுத்துக் கொஞ்சம் கூடும் குறையும். முழுப் பாலியஸ்டர் விலை குறைவுதான். நம் ஊர் வெயிலில் பஸ்ஸில் போய் இறங்குவதற்குள் வியர்வையில் ஒட்டிக்கொள்ளும், இஸ்திரிச் சூட்டில் பளபளக்கும். லினன் நன்றாக இருக்கும், ஆனால் உட்கார்ந்து எழுந்தால் கசங்கிய காகிதம். கம்பளி கலந்தது நல்ல விழுகை. விலை தாங்குகிறவர்களுக்கு மட்டும். எந்தத் துணியானாலும் ஒரு மூலையைக் கைக்குள் கசக்கிப் பத்து எண்ணும்வரை இறுக்கிப் பிடித்து விடுங்கள். சுருக்கம் தானாக விலகினால் எடுக்கலாம்.

நிறத்தில் கருநீலம், கரிச் சாம்பல், கறுப்பு. இந்த மூன்றைத் தாண்ட வேண்டியதில்லை. ஆனால் டியூப் லைட்டில் கருநீலமும் கறுப்பும் ஒன்றுபோல் தெரியும். கருநீலக் கோட்டோடு கறுப்புப் பேண்ட் கட்டிக் கொடுத்துவிட்டு, மறுநாள் சண்டைக்கு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். வாசலுக்குக் கொண்டுபோய்ப் பகல் வெளிச்சத்தில் காட்டிவிட்டுப் பில் போடுங்கள்.

ரெடிமேடு எடுக்கிறவர்களுக்குத் தோள்தான் முக்கியம். கை நீளத்தைக் குறைக்கலாம், இடுப்பைப் பிடிக்கலாம், பேண்ட்டின் கீழ் மடிப்பை ஏற்றலாம். தோள் பெரிதாக இருந்தால் விட்டுவிடுங்கள். அதைப் பிரித்துத் தைக்கிற கூலி கோட்டு விலைக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். தையலுக்கு உள்ளே கொஞ்சம் துணி விட்டிருக்கிறார்களா என்றும் பாருங்கள்; மட்டமான சரக்கில் ஒட்ட வெட்டிவிடுவார்கள், பின்னால் பிரித்துப் பெரிதாக்க வழியிருக்காது. பெண்ணைக் கோட்டோடு நாற்காலியில் உட்காரச் சொல்லுங்கள். பட்டனைப் போட்டபடி கையை முன்னால் நீட்டச் சொல்லுங்கள். அலமாரியில் உயரத்தில் இருக்கும் ஃபைலை எடுப்பதுபோல் கையைத் தூக்கச் சொல்லுங்கள். நின்ற நிலையில் கண்ணாடியில் அழகாக இருப்பது உட்கார்ந்தால் வயிற்றில் பிதுங்கும். நேர்முகத் தேர்வு முழுக்க உட்கார்ந்துதானே நடக்கிறது. அன்றைக்குப் போடப்போகும் செருப்பையும் கொண்டுவரச் சொல்லுங்கள். குதிகால் உயரம் தெரியாமல் பேண்ட் மடிப்பைத் தைக்க முடியாது.

இதற்கெல்லாம் டிரையல் ரூம் வேண்டும். திரைத்துணி தொங்கவிட்ட மூலை டிரையல் ரூம் ஆகாது. உள்ளே தாழ்ப்பாள் போடும் கதவு, ஒரு நாற்காலி, நல்ல வெளிச்சம், உதவிக்கு ஒரு பெண் பணியாளர். இவை இல்லாத கடையில் பெண்கள் கோட்டு வைக்காமல் இருப்பதே மேல்.

கட்டிக் கொடுக்கும் முன் கோட்டின் பின்புறப் பிளவில் இருக்கும் பெருக்கல் குறித் தையலையும், கைப்பட்டியில் ஒட்டவைத்துத் தைத்திருக்கும் கம்பெனிப் பட்டையையும் நீங்களே பிரித்துவிடுங்கள். இரண்டும் கடை வரை வந்து சேர்வதற்காகப் போட்டவை. தெரியாத பிள்ளைகள் அதை அலங்காரம் என்று நினைத்து அப்படியே போட்டுப் போய்விடுகிறார்கள்.

வரி விஷயம். 2025 செப்டம்பர் 22 முதல் ஆயத்த ஆடைக்கு உருப்படி ஒன்று 2500 ரூபாய் வரை 5 சதவீதம், அதற்கு மேல் 18 சதவீதம். முன்பு இருந்தது 1000 ரூபாய் வரை 5, அதற்கு மேல் 12. ஆகவே நடுத்தர விலைக் கோட்டுக்கு இப்போது வரி குறைவு, உயர்ந்த ரகத்துக்குக் கூடுதல். கோட்டும் பேண்ட்டும் செட்டாக விற்பவர்கள் எப்படிப் பில் போடுவது என்று உங்கள் தணிக்கையாளரைக் கேட்டுக்கொள்வது நல்லது. துணியாக எடுத்துத் தைத்துக்கொள்கிறவர்களுக்குத் துணிமேல் 5 சதவீதம்தான்.

இன்னொன்று, காலம். கல்லூரிகளுக்குக் கம்பெனிகள் வரத் தொடங்குவது ஆடி, ஆவணி. நாம் ஆடித் தள்ளுபடியில் தேங்கிய சரக்கைத் தள்ளிக்கொண்டிருக்கும் அதே வாரங்களில்தான் இந்தப் பிள்ளைகள் படியேறுகிறார்கள். அவர்கள் கையில் போய்ச் சேருவது நம் தேங்கிய சரக்கு. வைகாசிக்குள் நல்ல சரக்கை இறக்கி, தையல்காரரோடும் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

பாய் தைத்த கோட்டு எட்டாம் நாள் வந்தது. புரட்டாசியில் வந்த வேறொரு கம்பெனிக்கு அதைப் போட்டுப் போனாள், வேலை கிடைத்தது. இப்போது சென்னையில் இருக்கிறாள். துணிக்கும் கூலிக்கும் நான் பணம் வேண்டாம் என்றேன். கணக்குப்பிள்ளை ஒப்பவில்லை. பழைய கோட்டுக்குக் கொடுத்த விலையை மட்டும் கழித்துக்கொண்டு, மீதியைத் தன் சம்பளத்தில் மூன்று தவணையாகப் பற்று எழுதிவிட்டார். அவர் கையெழுத்தில் பேரேட்டில் இருக்கிறது.

கடைகளுக்குக் கொடுத்திருந்த லாட்டில் விற்காமல் இருந்தவற்றை முழு விலைக்கு வரவு வைத்துத் திரும்ப எடுத்துக்கொண்டேன். விற்றுப்போனவற்றில் ஐந்து உருப்படி மட்டும் கொப்பளத்தோடு திரும்பி வந்தது, பணம் கொடுத்துவிட்டேன். மற்றவை யார் யார் வீட்டில் இருக்கின்றனவோ தெரியாது. திரும்ப எடுத்தவை இன்றும் என் மாடிக் கிடங்கில் பேலாகக் கிடக்கின்றன. லோக்கலில் ஒருவர் பாதி விலைக்குக் கேட்டார். கொடுக்கவில்லை.