உடம்புக்குள் தனிமங்கள் - 11: அயோடின்

சென்ற வாரம் சோடியத்தைப் பார்த்தோம். உப்பு ஜாடியை மூடுவதற்கு முன், அதே ஜாடியில் இருக்கும் இன்னொரு தனிமத்தையும் பார்த்துவிடலாம்.

நம் உடம்பில் இருக்கும் அயோடின் மொத்தமே 15 முதல் 20 மில்லிகிராம்தான். அதில் ஏறக்குறைய முக்கால் பங்கு கழுத்தின் முன்புறம் உள்ள தைராய்டு சுரப்பியில் இருக்கிறது. வளர்ந்தவர்களுக்கு ஒரு நாளைக்கு 150 மைக்ரோகிராம் போதும். எழுபது வருடத்துக்குக் கூட்டினாலும் 4 கிராமைத் தொடாது. அதற்காக ஒரேயடியாக விழுங்கி வைக்கவும் முடியாது. மிஞ்சியதைச் சிறுநீரகம் வெளியே தள்ளிவிடும்.

அயோடின் வரத்து குறைந்தால் தைராய்டு ஹார்மோனும் குறையும். உடனே மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி, 'வேலையைப் பார்' என்று தைராய்டை விரட்டும். விரட்ட விரட்டச் சுரப்பி வீங்கும். அதுதான் முன்கழுத்துக் கழலை. கழலையாவது வெளியே தெரிகிறது. தாயிடம் அயோடின் இல்லாததால் கருவிலேயே மூளை வளர்ச்சி குன்றிய குழந்தையின் நஷ்டம் யார் கண்ணுக்கும் படுவதில்லை.

இமயமலை அடிவாரத்துக் காங்ரா பள்ளத்தாக்கில் ஒரு காலத்தில் கழலை சர்வசாதாரணம். மழையும் பனியும் மண்ணிலிருந்த அயோடினை அரித்துக்கொண்டு போய்விட்டன. 1956இல் டாக்டர் வி. ராமலிங்கசுவாமியின் குழு அந்தப் பகுதியை மூன்றாகப் பிரித்தது. இரண்டு பகுதிகளுக்கு அயோடின் கலந்த உப்பு, ஒன்றுக்கு வெறும் உப்பு. சில வருடங்களில் அயோடின் போன இடங்களில் கழலை நன்றாகவே இறங்கியது. பிறகு மூன்றாவது பகுதிக்கும் அயோடின் உப்பு கொடுத்தார்கள்; அங்கும் இறங்கியது. ஏழையோ பணக்காரரோ எல்லோரும் தினமும், ஏறக்குறைய ஒரே அளவில் சாப்பிடும் பொருள் உப்பு என்பதால்தான் அதைப் பிடித்தார்கள்.

"நாம் கடலோரத்துக்காரர்கள், கல்லுப்பிலேயே எல்லாம் இருக்கிறது" என்பவர்களுக்காக ஒரு சின்னக் கணக்கு. ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு. அயோடினோ சுமார் 60 மைக்ரோகிராம். அத்தனையும் உப்போடு தங்கினால்கூட, நாள் ஒன்றுக்கு 10 கிராம் உப்பு சாப்பிடுபவருக்கு 17 மைக்ரோகிராம்தான் தேறும். உண்மையில் அதுவும் தங்குவதில்லை. உப்பளப் பாத்தியில் உப்பு பூத்தபின் வடிக்கும் நீரோடு பெரும்பகுதி போய்விடுகிறது. கூடுதல் விலைக்கு வாங்கும் இந்துப்பும் இந்த விஷயத்தில் கைகொடுக்காது.

கடற்பாசி வேறு ரகம். அது கடல்நீரிலிருந்து அயோடினை உறிஞ்சிச் சேர்த்து வைக்கும். 1811இல் பிரான்சில் பெர்னார் கூர்த்துவா, வெடியுப்புத் தயாரிப்புக்காகக் கடற்பாசிச் சாம்பலோடு மல்லுக்கட்டியபோது கந்தக அமிலம் கொஞ்சம் கூடிப்போனது. ஊதா நிற ஆவி கிளம்பியது. அயோடின் அகப்பட்டது அப்படித்தான்.

தைராய்டு பெரும்பாலும் நான்கு அயோடின் அணுக்கள் கொண்ட ஹார்மோனைத்தான் அனுப்புகிறது. அதில் ஒரு அணுவைக் கழற்றி மூன்றாக்கினால்தான் அது முழு வீச்சில் வேலை செய்யும். கழற்றும் நொதிகளுக்கு இன்னொரு தனிமம் தேவை: செலினியம். அது அடுத்த வாரம்.

(தொடரும்)