நூலகத்துக்கும் சேர்த்துத்தான் வீட்டுவரி கட்டுகிறோம்

சொத்துவரி கட்டும்போது கூடவே நூலக வரியும் கட்டுகிறோம் என்பது பலருக்குத் தெரியாது. ரூபாய்க்கு 10 பைசா. ஆண்டுக்கு 2,000 ரூபாய் சொத்துவரி என்றால் 200 ரூபாய் நூலகத்துக்கு. வாடகை வீட்டுக்காரர்களும் தப்பவில்லை, அவர்கள் தரும் வாடகையிலேயே அதுவும் அடக்கம். 1948-இல் சென்னை மாகாணம் கொண்டுவந்த பொது நூலகச் சட்டத்தின் ஏற்பாடு இது. சுதந்திர இந்தியாவில் இப்படியொரு சட்டம் முதலில் வந்தது இங்கேதான். அதற்காகப் பல ஆண்டுகள் போராடியவர் சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன்.

இவ்வளவு இருந்தும், "எழுத்தே தெரியாத பிள்ளைக்கு லைப்ரரி எதுக்கு?" என்றுதான் கேட்கிறோம்.

மூன்று நான்கு வயதுக் குழந்தையை அலமாரி முன் விட்டுவிட்டுச் சற்றுத் தள்ளி நின்று பாருங்கள். ஒன்றை உருவும், தலைகீழாகப் பிடிக்கும், யானைப் படம் வந்ததும் தானாகவே நேராக்கிக்கொள்ளும். நாலு பக்கம் புரட்டிவிட்டுப் பிடிக்காமல் வைத்துவிடும், வேறொன்றை எடுக்கும். அந்த நேரத்தில் அது தேர்ந்தெடுக்கக் கற்றுக்கொண்டிருக்கிறது. வீட்டில் வாங்கிக் கொடுப்பது நாம் தேர்ந்த புத்தகம், பள்ளியில் இருப்பது அரசு தேர்ந்த புத்தகம். தனக்கு எது வேண்டும் என்று குழந்தை தானே முடிவுசெய்ய, காசு கேட்காமல் இடம்தருவது நூலகம். நாமோ பக்கத்திலேயே நின்று, "அது வேணாம், இங்கிலீஷ் புக் எடு" என்று அதையும் கெடுத்துவிடுகிறோம்.

இன்னொன்று, இரவல். புத்தகத்தில் ஒட்டியிருக்கும் தேதிச் சீட்டைக் குழந்தைக்குக் காட்டுங்கள். முத்திரைமேல் முத்திரையாக எத்தனை தேதிகள்! ஒவ்வொன்றும் முகம் தெரியாத யாரோ இதைக் கொண்டுபோய்ப் படித்துவிட்டுத் திருப்பித் தந்ததற்கான அடையாளம். இது எனக்கு மட்டும் சொந்தமில்லை, ஆனாலும் வீட்டுக்குக் கொண்டுபோகலாம், அடுத்தவருக்காகப் பத்திரமாகத் திருப்பித் தர வேண்டும் என்பதை வெறும் வாயால் ஒரு குழந்தைக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. வரிசையில் நிற்பதும், அறிமுகமில்லாத பெரியவரான நூலகரிடம் "டைனோசர் புக் இருக்கா?" என்று கூச்சம் விட்டுக் கேட்பதும் இதோடு சேர்ந்து வரும்.

குழந்தைக்கு நூலகம் என்பது யாரும் போடும் பிச்சையில்லை. 1989-இன் ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கை, சிறுவர் நூல்களை உருவாக்கிப் பரப்புவதை ஊக்குவிக்குமாறு அரசுகளைக் கேட்கிறது. இந்தியா 1992-இல் அதில் இணைந்தது. 2009-இன் கல்வி உரிமைச் சட்டம், ஒவ்வொரு பள்ளியிலும் கதைப் புத்தகங்களும் செய்தித்தாளும் உள்ள நூலகம் இருந்தாக வேண்டும் என்கிறது.

நடைமுறை வேறு மாதிரி இருக்கிறது. பல கிளை நூலகங்களில் சிறுவர் பகுதி என்பது பூட்டிய ஒரு கண்ணாடி அலமாரி. மேசை நாற்காலியெல்லாம் போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள் வசம். அவர்களுக்கும் உரிமை உண்டு, வீட்டில் இடமில்லாமல்தான் வருகிறார்கள். அதற்காகக் குழந்தை சிரித்ததும் "ஷ்ஷ்" என்று வெளியே அனுப்புவது நியாயமாகாது. பாயை விரித்து ஒரு மூலையைக் குழந்தைகளுக்கு ஒதுக்கப் பெரிய நிதி ஒதுக்கீடா வேண்டும்?

பெற்றோர் பக்கமும் தவறு உண்டு. நூலகம் குழந்தைக் காப்பகமல்ல. பல இடங்களில் ஒரே ஒரு நூலகர்தான் இருப்பார். சின்னப் பிள்ளையைத் தனியே விட்டுவிட்டுக் கடைவீதிக்குப் போகாதீர்கள். யாராவது தவறாக நடந்தால் குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கு அழையுங்கள். புத்தகம் கிழிந்தால் செல்லோடேப் ஒட்டி மறைக்க வேண்டாம், நாளாக ஆகத் தாள் பழுப்பேறி இன்னும் கெட்டுப்போகும். கிழிந்தது கிழிந்தபடி கொடுத்து, குழந்தையை விட்டே நூலகரிடம் சொல்லச் சொல்லுங்கள்.

குறை இருந்தால் முதலில் நூலகரிடம் பேசுங்கள். பெரும்பாலும் அவர் கையில் அதிகாரம் குறைவு, ஆனால் வாசகர்கள் எழுதித் தந்தால் மேலே அனுப்ப அவருக்கும் ஒரு காகிதம் கிடைக்கும். அடுத்தது மாவட்ட நூலக அலுவலர், திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டம், முதல்வரின் 1100 உதவி எண். உங்கள் ஊராட்சியோ நகராட்சியோ வசூலித்த நூலக வரியை மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குச் செலுத்திவிட்டதா, எத்தனை சிறுவர் நூல்கள் வாங்கப்பட்டன என்று 10 ரூபாய்க் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டப்படி கேட்கலாம். 30 நாளில் பதில் தர வேண்டும். தனியாளாகக் கேட்பதைவிட வாசகர் வட்டமாகச் சேர்ந்து கேட்டால் காது கொடுப்பார்கள்.

கேட்டால் நடக்குமா என்பவர்களுக்கு ஒரு தகவல். 2010-இல் திறந்த சென்னை கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தை 2011-இல் குழந்தைகள் மருத்துவமனையாக மாற்ற அரசு முடிவெடுத்தது. வழக்குப் போட்டார்கள், உயர் நீதிமன்றம் தடை விதித்தது. சிறுவர்களுக்கென்று தனிப் பகுதியோடு அந்த நூலகம் இன்றும் நூலகமாகவே இயங்குகிறது.

உள்ளே உட்கார்ந்து படிக்க உறுப்பினர் அட்டை தேவையில்லை. வீட்டுக்கு எடுத்துப்போக மட்டும் சிறு காப்புத்தொகை கட்டி உறுப்பினராக வேண்டும். பல கிளை நூலகங்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை, ஞாயிறு திறந்திருக்கும். நேரத்தை விசாரித்துக்கொண்டு இந்த வாரமே பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போங்கள்.