பாசியிலிருந்து எண்ணெய்: எந்த மண் ஏற்ற மண்?

ஊர்க்குளத்துப் படியில் ஒருமுறையேனும் வழுக்கி விழாதவர் நம்மில் அரியர். அப்படி வழுக்கச் செய்யும் பாசியின் இனத்தைச் சார்ந்த நுண்ணுயிர்களுள் சில, தம் உலர்ந்த எடையில் ஐந்தில் ஒரு பங்கு முதல் பாதி வரை எண்ணெயாகவே சேமித்து வைக்கின்றன. அவ்வெண்ணெயை டீசலாக்கி வண்டி ஓட்டலாம் என்பது விஞ்ஞானிகளின் நெடுநாளைய கனவு. நம் கள்ளக்குறிச்சியின் ஏரிகளிலும் கல்வராயன் மலையிலும் இதனை வளர்க்கலாகாதா என்ற கேள்வி எழுவது இயல்பே.

முதலில் பாசி எவற்றை வேண்டுகிறது என்பதைக் காண்போம். வெயில் வேண்டும், அது நம்மிடம் குறைவின்றி உண்டு. சமதளம் வேண்டும், முழங்கால் ஆழங்கூட இல்லாத அகன்ற குட்டைகளில்தான் அதனை வளர்க்கிறார்கள். ஒரு கிலோ உலர்ந்த பாசி உருவாக ஏறக்குறைய 1.8 கிலோ கரியமில வாயு தேவை. ஆகவே புகைபோக்கியுள்ள ஆலை ஒன்று அருகில் இருத்தல் நலம். இரவுக் குளிரும் மிகலாகாது. 1978 முதல் 1996 வரை அமெரிக்க அரசு நடத்திய பாசி ஆராய்ச்சியில், நியூ மெக்சிகோ மாநிலத்து ராஸ்வெல் நகரில் பெருங்குட்டைகள் அமைத்தார்கள். பகல் வெயில் ஏராளம்; ஆயினும் இரவுக் குளிரால் விளைச்சல் குன்றியது. இடத்தேர்வு எத்துணை நுட்பமானது என்பதற்கு இதுவே சான்று.

ஆனால் நமக்கு முட்டுக்கட்டையாய் நிற்பது தண்ணீர். திறந்த குட்டையில் நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டர் நீர் ஆவியாகிறது என்று வைத்துக்கொண்டாலும், ஒரு ஹெக்டேரில் 50,000 லிட்டர் போய்விடும். நாள்தோறும் அதனை ஈடு செய்ய வேண்டும். கோமுகி, மணிமுக்தா அணைகளின் நீரை நம்பி நெல்லும் கரும்பும் பயிரிடும் குடும்பங்களிடம் சென்று, இந்நீரைப் பாசிக்குக் கொடுங்கள் என்று யார் கேட்பது? நாம் கேட்கமாட்டோம்.

மலையிலோ சமதளம் அரிது. சாமையும் மரவள்ளியும் விளையும் சிறு நிலங்களே மலையாளிப் பழங்குடியினரின் வாழ்வு. வெளியார் கண்ணுக்குத் தரிசாய்த் தோன்றுவது அவர்களுக்கு மேய்ச்சல் நிலம். 2003-ல் நடுவண் திட்டக்குழு காட்டாமணக்கை ஊக்குவித்தபோதும் தரிசு நிலங்களையே சுட்டிக்காட்டினார்கள். நீரும் உரமுமின்றி அச்செடி எதிர்பார்த்த விளைச்சலைத் தரவில்லை. நட்ட உழவர் பலர் ஏமாந்தனர். பழங்குடியினரின் நிலத்தைத் தொடும் பெருந்திட்டங்களில் அவர்களையே முதன்மையாகக் கலந்து பேச வேண்டும் என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2015-ஆம் ஆண்டுச் சுற்றுமடலில் அறிவுறுத்தியதையும் இங்கே நினைவுகூர்கிறோம்.

அப்படியாயின் ஏற்ற இடம் எது? நம் கருத்தில், தூத்துக்குடி போன்ற கடற்கரையே. அங்கே வேளாண்மைக்கு உதவாத உவர்நிலம் உண்டு, கடல்நீர் உண்டு, அனல்மின் நிலையப் புகையும் உண்டு. உப்பளப் பாத்திகள் சில வேளைகளில் செந்நிறம் கொள்வதற்கு ஒரு காரணம், கடும் உப்பிலும் வாழும் டுனாலியெல்லா என்னும் பாசியே. பாசிக்கு அவ்விடம் புதிதன்று.

எனினும் அங்கும் எண்ணெய் மலிவாகக் கிட்டிவிடாது. குட்டையில் ஒரு லிட்டர் நீரில் இருப்பது ஒரு கிராமுக்கும் குறைந்த பாசி. ஒரு கிலோ பாசிக்கு ஆயிரம் லிட்டருக்கு மேல் நீரை வடித்தாக வேண்டும். செலவு இங்கேதான் ஏறிவிடுகிறது. 2009-ல் பெரும் பொருட்செலவில் இம்முயற்சியில் இறங்கிய எக்ஸான்மொபில் நிறுவனமே 2023-ல் கைவிட்டுவிட்டது.

நம் மாவட்டத்துக்கு எரிபொருள் தரவல்லது கரும்புதான். மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் உள்ளன. கரும்புச் சக்கை கொதிகலனுக்கு எரிபொருள்; கழிவுப்பாகு எத்தனாலுக்கு மூலப்பொருள். (2024 ஜூனில் மெத்தனால் கலந்த சாராயம் 60-க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட இவ்வூரில், இப்பேச்சையே மனம் கலங்காமல் எடுக்க இயலவில்லை.)

பாசியை முற்றிலும் விட்டுவிடவும் வேண்டியதில்லை. சுருள்பாசி எனப்படும் ஸ்பைருலினா, உலர்ந்த எடையில் பாதிக்கு மேல் புரதம் கொண்டது. சென்னை முருகப்பச் செட்டியார் ஆராய்ச்சி மையத்தார் டாக்டர் சி. வி. சேஷாத்ரியின் தலைமையில் அதனை நாட்டுப்புற மக்களும் வளர்க்குமாறு எளிமைப்படுத்தினார்கள். சமையல் சோடா கலந்த நீர், ஒரு சிறு தொட்டி, அவ்வப்போது கலக்கிவிடக் கை, வடிகட்ட மெல்லிய துணி ஆகியவை இருந்தால் வீட்டு முற்றத்திலேயே தொடங்கலாம்.